மாற்றத்தை எதிர்ப்பவர் எதை எதிர்க்கிறார்?

அலுவலகத்திலோ ஆலையிலோ வீட்டிலோ புதிய முறை ஒன்று நுழையும்போது அதற்கு முகம் சுளிப்பவர்களைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் விளக்கம், அவர்கள் பழக்கத்துக்கு அடிமையானவர்கள், கற்றுக்கொள்ள மனமில்லாதவர்கள், வயதாகிவிட்டவர்கள் என்பதுதான். சொல்பவருக்கு இது வசதியான விளக்கம். குறை முழுவதையும் எதிரே நிற்பவரின் குணத்தில் ஏற்றிவிட்டுத் தன் பொறுப்பிலிருந்து அவர் விலகிக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஆட்கள், ஒரே ஆலையில், வேலை மாற்றம் ஒன்றைக் கடுமையாக எதிர்த்துவிட்டு, இரண்டரை மாதம் கழித்து வந்த இன்னொரு மாற்றத்தை எந்த முணுமுணுப்பும் இன்றி ஏற்றுக்கொண்டதற்குப் பதிவு இருக்கிறது. மனிதரின் குணம் இரண்டரை மாதத்தில் மாறுவதில்லை. அந்த இடைவெளியில் மாறியது எது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

அந்தப் பதிவு அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில், மேரியன் என்ற சிறிய ஊரில், பைஜாமா தைத்த ஹார்வுட் ஆலையிலிருந்து வந்தது. ஏறத்தாழ 500 பெண்களும் 100 ஆண்களும் அங்கே வேலை செய்தார்கள். பெரும்பாலானவர்கள் சுற்றுப்புற மலைக் கிராமங்களிலிருந்து, எந்தத் தொழிற்சாலையையும் முன்பு பார்த்திராமல் வந்தவர்கள். சராசரி வயது 23. கூலி பீஸ் ரேட் கணக்கில், அதாவது செய்து முடித்த எண்ணிக்கைக்கு ஏற்ப, கொடுக்கப்பட்டது. எந்த வேலையானாலும், தேர்ச்சி பெற்ற ஒருவர் ஒரு மணி நேரத்தில் எட்ட வேண்டிய அளவு 60 அலகு என்று வகுத்திருந்தார்கள். யார் எவ்வளவு செய்தார் என்ற பட்டியல், அதிகம் செய்தவர் பெயர் மேலே வரும்படி, நாள்தோறும் வெளியிடப்பட்டது.

சந்தையின் தேவைக்கேற்ப உடையின் அமைப்பும் தயாரிப்பு முறையும் மாறிக்கொண்டே இருந்ததால், ஆட்களை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது ஆலைக்குத் தவிர்க்க முடியாததாக இருந்தது. மாற்றப்பட்டவருக்குக் கூலி குறையாமலிருக்கத் தனி போனஸும் தரப்பட்டது. அப்படியிருந்தும், மாற்றப்பட்டவர்களில் 38 விழுக்காட்டினர் மட்டுமே பழைய 60 அலகை மீண்டும் எட்டினார்கள். மற்ற 62 விழுக்காட்டினர் நிரந்தரமாகக் கீழேயே தங்கினார்கள், அல்லது வேலையை விட்டுப் போனார்கள். அனுபவசாலிகளான இவர்கள், அன்று புதிதாகச் சேர்ந்த பெண்ணைவிட மெதுவாகக் கற்றார்கள் என்பதுதான் நிர்வாகத்தைத் திகைக்க வைத்தது. பழைய வேலையின் கைப்பழக்கம் குறுக்கே நிற்கிறது என்று முதலில் நினைத்தார்கள். கை அசைவுகளை அளந்து பார்த்தபோது, முதல் வாரத்துக்குப் பிறகு தவறான அசைவுகள் மிகக் குறைவாகவே இருந்தன. ஆகவே கையில் கோளாறு இல்லை. நேற்றுவரை பட்டியலின் மேல்பகுதியில் இருந்த தன் பெயர் இன்று அடியில் கிடப்பதை நாள்தோறும் பார்க்கும் ஒருவருக்கு, திரும்ப ஏறிவர வேண்டிய தூரம் மலைப்பாகத் தெரிகிறது. புதிதாக வந்தவருக்கு இந்த வீழ்ச்சி கிடையாது. அவர் ஏற மட்டுமே செய்கிறார். திறமைசாலிகள்தான் மாற்றத்தை அதிகம் எதிர்ப்பதைப் பல இடங்களில் காண்கிறோமே, அதற்கு நேர்மையான விளக்கம் இதில் இருக்கிறது: அவர்களுக்குத்தான் இழப்பதற்கு அதிகம் இருக்கிறது.

ஆலையின் பணியாளர் மேலாளர் லெஸ்டர் காக், உளவியலாளர் ஜான் ஃப்ரெஞ்ச் ஆகிய இருவரும் இதற்காக ஒரு சோதனையை அமைத்து, அதன் முடிவுகளை 1948-இல் வெளியிட்டார்கள். நான்கு குழுக்கள், எல்லாவற்றுக்கும் சிறிய அளவிலான வேலை மாற்றம். இஸ்திரி போடும் 18 பேர் கொண்ட முதல் குழுவுக்கு வழக்கமான முறையிலேயே அறிவிப்பு வந்தது. அதுவரை ஆறு ஆறு உடைகளாக ஓர் அட்டையின் மேல் அடுக்கியவர்கள், இனி அதே ஆறை ஒரு பெட்டிக்குள் அடுக்க வேண்டும். கூடுதல் வேலைக்கு ஈடாக நேரக் கணக்கும் சேர்த்துத் தரப்பட்டது. கூட்டம் போட்டு, போட்டி காரணமாக மாற்றம் தேவைப்படுகிறது என்று விளக்கி, புதிய ரேட்டையும் சொல்லி, கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார்கள். பல நிறுவனங்கள் இன்றும் செய்வது இவ்வளவுதான், இதையே நல்ல நிர்வாகம் என்றும் நம்புகிறோம். இரண்டாவது குழுவில், மடிக்கும் வேலை செய்த 13 பேர் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, அவர்கள் புதிய முறையை வகுப்பதில் பங்கெடுத்தார்கள். மற்ற இரண்டு குழுக்களில், 8 பேரும் 7 பேருமாக, அனைவரும் நேரடியாகப் பங்கெடுத்தார்கள். இவர்கள் தைத்த உடையில் நூல் பிசிர்களை வெட்டித் தையலைச் சோதிப்பவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் என்று சொல்லும் வேலை அது.

இந்த மூன்று குழுக்களின் கூட்டமும் வேறு விதமாகத் தொடங்கியது. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு உடைகளை அவர்கள் முன் வைத்தார்கள். ஒன்று 1946-இல் செய்தது, மற்றது 1947-இல் செய்தது. முதலாவது மற்றதைப்போல் இரண்டு மடங்கு விலைக்கு விற்றிருந்தது. மலிவானது எது என்று கேட்டபோது யாராலும் சொல்ல முடியவில்லை. செலவைக் குறைத்தாக வேண்டும் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எந்த வேலையைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கியது, யோசனைகள் குவிந்தன.

முதல் குழுவின் உற்பத்தி ஏறத்தாழ 50 அலகுக்குச் சரிந்து, அங்கேயே நின்றது. முதல் 40 நாளில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டார்கள். புதிய ரேட் அநியாயம் என்று புகார் எழுந்தது. ஆனால் அந்த ரேட்டைச் சரிபார்த்தபோது அது தொழிலாளர்களுக்குச் சற்றுச் சாதகமாகவே இருந்தது. புகாரின் வாசகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அது பொய் என்று தள்ளிவிடுவது எளிது. அந்தப் பெண்கள் சொல்லக் கிடைத்த ஒரே விண்ணப்பப் படிவம் ரேட் பற்றியது. தங்களைக் கேட்காமல் தங்கள் கைவேலையை மாற்றியது பற்றிய வருத்தத்துக்குப் படிவம் எதுவும் இல்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். பிரதிநிதிகள் வழியாகப் பங்கெடுத்த குழு 14 நாளில் 61 அலகைத் தொட்டது. எல்லோரும் பங்கெடுத்த இரண்டு குழுக்களும் மிக விரைவில் பழைய நிலைக்கு வந்து, பிறகு அதைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு மேலே போயின. இந்த மூன்று குழுக்களிலிருந்தும் ஒருவர்கூட வேலையை விடவில்லை.

இரண்டரை மாதம் கழித்து, முதல் குழுவில் எஞ்சியிருந்த 13 பேரை மீண்டும் சேர்த்து, இன்னொரு புதிய வேலைக்கு மாற்றினார்கள். இம்முறை எல்லோரும் பங்கெடுக்கும் முறையில். உற்பத்தி விரைவாக மீண்டது. முன்பு காட்டிய கோபம் இல்லை. யாரும் வேலையை விடவும் இல்லை. நான் தொடக்கத்தில் சொன்ன பதிவு இதுதான்.

இந்தச் சோதனைக்குப் பின்னால் இருந்த சிந்தனை குர்ட் லெவினுடையது. ஹிட்லரின் ஆட்சி வந்த 1933-இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா சென்ற யூத உளவியலாளர் அவர். ஹார்வுட் ஆலைத் தலைவர் ஆல்ஃபிரட் மாரோ அவருடைய மாணவர் போன்றவர் என்பதால் லெவின் 1939 முதலே அந்த ஆலையோடு தொடர்பில் இருந்தார். 1947 பிப்ரவரியில் மறைந்தார். ஒரு பழக்கம் அப்படியே நீடிப்பதற்குக் காரணம் அசைவற்ற நிலை அல்ல, எதிரெதிரான விசைகள் சமமாக நிற்பதுதான் என்பது அவர் பார்வை. அப்படியானால் அதை நகர்த்த இரண்டு வழிகள் உண்டு. தள்ளும் விசையைக் கூட்டலாம்: உத்தரவு, கெடு, ஊக்கத்தொகை, மிரட்டல். அல்லது தடுக்கும் விசையைக் குறைக்கலாம். முதல் வழியிலும் ஆள் நகர்வார். ஆனால் இருபக்கமும் அழுத்தம் ஏறியிருப்பதால், மேலதிகாரியின் கண் விலகிய மறுநாள் பழைய இடத்துக்கே திரும்புவார். இரண்டாவது வழியில் நகர்ந்தவர் புதிய இடத்தில் இருந்துவிடுகிறார்.

இதை அவர் ஆலையில் அல்ல, அடுக்களையில் காட்டினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறைச்சித் தட்டுப்பாடு வந்தபோது, மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளை அமெரிக்கக் குடும்பங்கள் சாப்பிட வேண்டும் என்று அரசு விரும்பியது. ஈரலும் குடலும் ருசியறிந்து சமைக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு சிக்கலாகவே தோன்றாது. அந்தப் பெண்களுக்கோ அது ஏழைகளின் உணவு, வாடை வீசுவது, கணவர் தட்டைத் தள்ளிவிடக்கூடியது. லெவின் அயோவா மாநிலத்தில் இல்லத்தரசிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்தார். சில குழுக்களுக்குச் சத்துணவு, போர்க்காலக் கடமை, சமையல் குறிப்பு எல்லாம் அடங்கிய நல்ல சொற்பொழிவு. மற்றக் குழுக்களில், உங்களைப்போன்ற பெண்கள் இதைச் சமைக்கத் தடையாக இருப்பது எது என்ற கேள்வியோடு பேச்சு தொடங்கியது. சமைக்கும்போது எழும் வாடையும் வீட்டாரின் முகச்சுளிப்பும் அவர்கள் வாயாலேயே வந்தன; அதன் பிறகுதான் அந்த வாடையைப் போக்குவது எப்படி என்ற குறிப்பு தரப்பட்டது. இறுதியில், வரும் வாரம் முயன்று பார்ப்பவர்கள் கைதூக்கச் சொன்னார்கள். பின்னர் விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 3 விழுக்காட்டினரும், கூடிப் பேசியவர்களில் 32 விழுக்காட்டினரும் அந்த இறைச்சியைப் புதிதாகச் சமைத்திருந்தார்கள். 1950களில் எடித் பென்னெட் செய்த ஆய்வு இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டியது: பேச்சு மட்டும் அந்த வேலையைச் செய்யவில்லை, ஒவ்வொருவரும் ஒரு முடிவை எடுத்ததும், தன்னைச் சுற்றியிருப்பவர்களும் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்று உணர்ந்ததும்தான் அதைச் செய்தன.

சர்க்கரை நோய் வந்த அப்பாவை நடக்க வைக்கவும், மூன்று வேளைச் சோற்றை ஒரு வேளையாக்கவும் போராடும் வீடுகள் நம்மிடையே எத்தனையோ. மருத்துவர் சொல்கிறார், மகன் சொல்கிறான், மருமகள் சாதப் பாத்திரத்தை நகர்த்தி வைக்கிறாள். எல்லாம் தள்ளும் விசை. அறுபது ஆண்டுகளாகத் தன் தட்டில் என்ன விழ வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்தவர், அந்த உரிமையைப் பறிகொடுத்ததைத்தான் முதலில் உணர்கிறார். கோதுமைத் தோசையின் ருசி அப்புறம். எந்த வேளைச் சோற்றை விடுவது, மாலையில் நடப்பதா காலையில் நடப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்று விட்டுப் பார்த்த குடும்பங்களுக்கு வேறுபாடு தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஹார்வுட் சோதனையைப் படித்த பலரும் கூட்டம் போட்டால் எதிர்ப்பு கரையும் என்ற சூத்திரமாக அதைச் சுருக்கிவிட்டார்கள். அதே ஜான் ஃப்ரெஞ்ச், வேறு இருவரோடு சேர்ந்து, நார்வே நாட்டின் ஒரு காலணித் தொழிற்சாலையில் ஒத்த சோதனையைச் செய்து 1960-இல் வெளியிட்டார். பங்கெடுத்த குழுக்களுக்கும் மற்றக் குழுக்களுக்கும் உற்பத்தியில் வேறுபாடு தெரியவில்லை. அங்கே தொழிலாளர்களிடம் விடப்பட்ட முடிவுகள் அவர்களுடைய உற்பத்தியோடு பெரிதாகத் தொடர்பில்லாதவை. தொழிற்சங்கத்தின் வழியாகப் பேசிப் பழகிய நாட்டில், இப்படி நேராகக் கேட்பது முறைதானா என்ற ஐயமும் சிலருக்கு இருந்தது. 1981-இல் பார்ட்லெம், லாக் என்ற ஆய்வாளர்கள் ஹார்வுட் சோதனையையே மறுபரிசீலனை செய்து, குழுக்களின் அளவும் பயிற்சியும் விளக்கிய விதமும் ஒன்றுபோல் இல்லை, எனவே பங்கேற்பு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றார்கள். இந்த விமர்சனம் நியாயமானது. இரண்டு உடைகளைக் காட்டி நிலைமையைப் புரியவைத்ததற்கும் அந்த வெற்றியில் பங்குண்டு. ஆனாலும், கேட்பவர் உண்மையிலேயே எதையோ தீர்மானிக்க விடுகிறாரா, அல்லது முன்பே எடுத்த முடிவுக்குக் கைதட்டல் கேட்கிறாரா என்பதை வேலை செய்பவர்கள் நொடியில் கண்டுகொள்கிறார்கள் என்பதை நார்வே உறுதி செய்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இந்தியாவில் இதற்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு அகமதாபாத்தில் உண்டு. 1918-இல் காந்தியும் அனசூயா சாராபாயும் ஆலைத் தொழிலாளர்களை வழிநடத்திய அதே நகரம். பேசித் தீர்ப்பது என்ற வழக்கம் அங்கே ஆழமாக வேர்விட்டிருந்தது. 1952-இல் காலிகோ மில் என்று அறியப்பட்ட நிறுவனத்தின் ஒரு தறிக்கூடத்தில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. தறி புதியது, இயங்கும் வேகம் புதியது. ஆனால் எதிர்பார்த்த பலன் வரவில்லை. லெவினின் மாணவர்களோடு சேர்ந்து ஆய்விதழ் நடத்திவந்த லண்டன் டாவிஸ்டாக் என்ற மனித உறவு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953-இல் அங்கே ஆலோசகராக வந்தார். 224 தறிகளை 29 பேர் கவனித்தார்கள். அந்த 29 பேருக்குள் 12 விதமான வேலைகள். நெசவாளி பார்க்கும் தறிகளின் எண்ணிக்கை ஒன்று, பாபின் நிரப்புபவர் பார்ப்பது வேறொன்று, அறுந்த இழைகளைச் சேர்ப்பவர் பார்ப்பது மற்றொன்று. ஒருவர் யாருடைய கூட்டாளி என்றே சொல்ல முடியாத ஏற்பாடு. துணியில் குறை வந்தால் அது யாருடைய குறை என்றும் சொல்ல முடியாது.

ஒரு தறித் தொகுதிக்கு ஒரு தொழிலாளர் குழு என்ற எண்ணத்தை ரைஸ் மேற்பார்வையாளர்களிடம் பேச்சோடு பேச்சாக வைத்தார். திட்டம் வகுத்து அறிவிப்பதற்கு முன்பே அந்த எண்ணம் தொழிலாளர்களை எட்டியது. யார் யாரோடு சேர்வது என்பதை அவர்களே ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்து, ஓரிரு நாளுக்குள் குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் ஏற்ற இறக்கங்கள் இருந்தன. சில திருத்தங்கள் தேவைப்பட்டன. நிலைபெற்ற பின் தறிக்கூடத்தின் திறன் ஏறத்தாழ 80 விழுக்காட்டிலிருந்து 95-க்கு உயர்ந்தது; பழுதான துணி 32 விழுக்காட்டிலிருந்து 20-க்குக் குறைந்தது. இயந்திரம் அப்படியே இருந்தது, ஆட்களும் அவர்களே. தானியங்கித் தறி என்ற மாற்றத்தை அந்தத் தொழிலாளர்கள் எதிர்க்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்தத் தறியோடு சேர்ந்து வந்த தனிமைதான் அவர்களை முடக்கியிருந்தது. பின்னாளில் அதே டாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் மில்லர் போய்ப் பார்த்தபோது, ஒரு கூடத்தில் அந்தக் குழுமுறை 1970 வரை உயிரோடு இருந்தது. வேறு கூடங்களில் மெல்லத் தேய்ந்திருந்தது. ஒருமுறை ஏற்படுத்திய பங்கேற்பு தானாகவே நிலைத்துவிடுவதில்லை. நிர்வாகம் மாறும்போதும் சந்தை நெருக்கும்போதும் அது கரைகிறது.

நம் தலைமுறை நேரில் கண்ட பெரிய எதிர்ப்பு கணினிக்கு எழுந்தது. 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டு ஊழியர்கள், கணினியை உள்ளே கொண்டுவர விடாமல் அலுவலகக் கட்டிடத்தைக் காவல் காத்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் கொடுமையாக இருந்த காலத்தில், பல எழுத்தர்களின் வேலையை ஓர் இயந்திரம் செய்துவிடும் என்பது கற்பனை அச்சம் அல்ல. வங்கிகளில் அந்த அச்சத்தோடு இன்னொன்றும் கலந்திருந்தது. ஜூன் 30, டிசம்பர் 31 அரையாண்டு முடிப்புகளில், சேமிப்புக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் கையால் வட்டி போட்டு, லெட்ஜர் இருப்புகளை வரிசையாக எழுதிக் கூட்டி, பொதுப் பேரேட்டுத் தொகையோடு டேலி செய்ய வேண்டும். பத்து ரூபாய் வித்தியாசம் வந்தால் இரவெல்லாம் வவுச்சர்களைப் புரட்டுவார்கள். நீண்ட பத்தி எண்களைக் கண்ணால் ஓட்டியே கூட்டிவிடும் மூத்த எழுத்தர் ஒருவர் கிளைக்குக் கிளை இருந்தார். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும் என்று உடனே சொல்லிவிடுவார். மேலாளரே அவர் மேசைக்கு வந்து நிற்பார். கணினி அவருடைய சம்பளத்தைத் தொடாமல் இருக்கலாம். அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. மேரியன் ஆலையில் பட்டியலின் மேலிருந்து கீழே விழுந்த பெண்ணுக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்தது.

1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தம் இந்தச் சிக்கலை அவிழ்க்கத் தொடங்கியது. எந்த வகை இயந்திரம், எத்தனை, எங்கே என்பதற்கு வரம்பு கட்டப்பட்டது; அவற்றை இயக்குபவர்களுக்குச் சம்பளத்தோடு தனிப் படித்தொகை வகுக்கப்பட்டது; மாற்றம் பேச்சுவார்த்தை மேசையின் வழியாகவே வரும் என்பது உறுதியானது. ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, வங்கிகளில் இயந்திரங்களைக் கொண்டுவருவது பற்றி 1984-இல் அறிக்கை தந்தது. அவர் தலைமையிலான இரண்டாவது குழு அந்தப் பத்தாண்டின் இறுதியில் அடுத்த படியை வகுத்தது. 1987-இலும் 1993-இலும் புதிய ஒப்பந்தங்கள் வந்தன. பத்தாண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்தை நாட்டின் இழப்பாகக் கணக்கிடுபவர்கள் உண்டு. வாடிக்கையாளர்கள் டோக்கனோடு காத்திருந்த நேரத்தை நினைத்தால் அதை முழுவதுமாக மறுக்க முடியாது. ஆனால் கணினி நுழைந்தபோது, லெட்ஜர் எழுதிய அதே கைகள்தான் விசைப்பலகையைத் தட்டின என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த இரு அனுபவங்களுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. ஹார்வுட் ஆலையில், மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி தொழிலாளர்களிடம் விடப்படவில்லை. எப்படி என்பது மட்டுமே விடப்பட்டது, அதை மறைக்காமலும் சொன்னார்கள். வங்கிகளில் சங்கங்கள் வலுவாக இருந்ததால், எவ்வளவு, எப்போது என்பதும் மேசைக்கு வந்தது. எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் திறந்துவிட முடியாது. எது திறந்திருக்கிறது, எது முடிந்துவிட்டது என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்வதுதான் நிர்வாகம் காட்டக்கூடிய குறைந்தபட்ச மரியாதை. 2000-2001-இல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். 1983-இல் மேசையின் எதிர்ப்பக்கம் அமர்ந்து, இந்த இயந்திரம் ஒருநாள் ஆட்களைக் குறைக்கும் என்று வாதிட்டவர்களைப் பழைமைவாதிகள் என்று எழுதிய நாம், அவர்கள் சொன்னதில் பாதி நடந்ததை, ஓய்வுத் திட்டம் வந்த அந்த ஆண்டு எங்கும் எழுதவில்லை.